பஞ்சர் கடைக்கு ஒரு சின்னம்

பாடாங் செராயில், இரவுச் சந்தை கூடும் சாலையில்
மேலே பல் டாக்டர், கீழே நாங்கள்:
பேனர், ஸ்டிக்கர், கல்யாண அட்டை,
அவசரத்துக்கு இரங்கல் அறிவிப்பு.
தவ்கே சாப்பிடப் போயிருந்த மத்தியானம்
நாகேந்திரனும் சூசைநாதனும்
ஒரே மோட்டாரில் வந்து இறங்கினார்கள்.
கையெல்லாம் கிரீஸ்.
நாற்காலி அழுக்காகும் என்று
கடைசிவரை உட்காரவில்லை.

"டயர் கடை திறக்கிறோம் தங்கச்சி,
ரெண்டு பேர் பங்கு.
செம்பனைக் குலை ஏத்தி வர்ற லோரிக்காரன்
வளைவுலயே பார்த்து பிரேக் போடணும்."

கன்ட்ரோலை அமுக்கிக்கொண்டு மவுஸை இழுத்தேன்.
விட்டால் வட்டம் முட்டையாகிவிடும்;
எதையும் உருண்டையாக வைத்திருக்க
ஒரு விரல் எங்காவது அமுங்கியே இருக்க வேண்டும்.
சுற்றிலும் எட்டுக் கறுப்புப் புள்ளிகள்,
மூட்டைப்பூச்சி மாதிரி.
மூலையைப் பிடித்தால் வளரும்.
இடுப்பைப் பிடித்தால் நசுங்கும்.
இன்னொரு தட்டு தட்டினால்
புள்ளிகள் வளைந்த அம்புகளாகும், சுழற்றலாம்.
சுழற்றினேன். வட்டம் அப்படியே இருந்தது.
"சும்மா சுத்துது பாரு, நம்ம நாகா மாதிரி"
என்றார் சூசை.
நாகா அவர் முதுகில் அறைந்ததில்
சட்டையில் ஐந்து விரல் பதிந்தது.

பிறகு டயருக்குப் பல்:
சின்னதாய் ஒரு செவ்வகம்,
அதன் அச்சை வட்டத்தின் நடுவில் குத்திவைத்து
பதினைந்து பாகை, பதினைந்து பாகை என்று
இருபத்து நான்கு.
முழுவதையும் நகலெடுத்து
பக்கத்தில் தள்ளினேன்.
கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டேன் போல,
ஒன்றின் மேல் ஒன்று ஏறி
நடுவில் நான் வரையாத ஒன்று முளைத்தது.

"கண்ணு," என்றார் நாகேந்திரன்.
"மீனு," என்றார் சூசைநாதன்.
எனக்கு வேப்பிலையாகத் தெரிந்தது.
சொல்லவில்லை.

"ஒட்டிடுங்க ரெண்டையும். ஒட்டுறதுதானே நம்ம தொழில்."
ஒட்டத்தான் போனேன்.
ஒட்டினால் இரண்டு கோடும் கரைந்து ஒரே கோடாகும்,
கோப்பை மூடிய பிறகு
எந்தப் பொத்தானாலும் பிரிக்க முடியாது.
அந்நேரம் பார்த்து போன் அடித்தது,
மணப்பெண் பெயரில் கால் விட்டுப்போன அப்பா ஒருவர்,
ஐநூறு அட்டை.
அவரைச் சமாளித்துவிட்டு வந்து
அவசரமாய் இரண்டையும் கட்டாகக் கட்டி
அச்சுக்கு அனுப்பினேன்.
கட்டியதற்கும் ஒட்டியதற்கும்
பலகையில் வித்தியாசம் தெரியாது.

பதினோரு மாதம்.
யார் யாருக்குக் கடன் விட்டார்கள்,
கல்லாவில் எது குறைந்தது,
ஊர் ஆளுக்கொன்று சொல்கிறது.
ஒரு வியாழக்கிழமை காலை
சூசைநாதன் தனியாக வந்தார்.
"என்னோடது மட்டும் எடுத்துக் குடுங்க."

கட்டை அவிழ்க்க ஒரு தட்டுப் போதும்.
வட்டத்தைப் பிடித்து மெல்ல நகர்த்தினேன்.
மற்றதன் அடியில் கிடந்த பக்கம்
கடித்த பிஸ்கட்டாக இருக்கும் என்று
ஒரு நொடி பயந்தேன்.
முழுதாக வந்தது.
இருபத்து நான்கு பல்லும் எண்ணினேன்.
மீனைத்தான் காணோம்.
அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்,
சிவப்பு போடச் சொன்னார்.

சாயங்காலம், மழை விட்டபின், நாகேந்திரன்.
"அவன் என்ன கலர் எடுத்தான்?"
"சிவப்பு."
"எவ்ளோ குடுத்தான்?"
"எண்பது ரிங்கிட்."
எண்பதை எண்ணி மேசையில் வைத்தார்.
நீலம் என்றார்.
இந்த முறை உட்கார்ந்தார்,
அச்சு இயந்திரம் நின்ற பிறகும்
கொஞ்ச நேரம் எழவில்லை.
அவர் போனதும் நாற்காலியைத் துடைத்தேன்,
கறை முழுதாகப் போகவில்லை.

அடுத்த வாரம்
மீன் சுடும் கடை வைக்கும் ஹமிதா வந்தாள்,
தள்ளுவண்டிக்கு ஸ்டிக்கர் வேண்டுமாம்.
"மீன் வரையத் தெரியுமா உனக்கு?"
கன்ட்ரோலை அமுக்கினேன்.
ஒரு வட்டம்.
பக்கத்தில் இன்னொன்று,
கொஞ்சம் அதிகமாகவே தள்ளி.
வாலுக்கு ஒரு முக்கோணம்.